நாக்அவுட் கால்பந்துக்கு விதித்தாள் எழுதுவது எப்படி? முதல் எஃப்.ஏ. கோப்பையின் ஓட்டைகளிலிருந்து

வெளியூர் அணிகளை அழைத்து நாக்அவுட் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் நோட்டீஸிலிருந்துதான் தொடங்குகிறார்கள். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, நுழைவுக் கட்டணம், தொடர்புக்கு இரண்டு செல் நம்பர். விதிகள் என்ற இடத்தில் மட்டும் 'கமிட்டியின் முடிவே இறுதியானது' என்று ஒற்றை வரி இருக்கும். பிறகு மைதானத்தில் நடக்கும் தகராறுகளில் பாதி அந்த ஒற்றை வரியிலிருந்து வருபவை. நோட்டீஸ் அடிக்கும் முன்பே இரண்டு பக்க விதித்தாள் தயாராக இருக்க வேண்டும். அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதற்கு 1871-72இல் இங்கிலாந்தில் நடந்த முதல் எஃப்.ஏ. கோப்பையை (அந்நாட்டுக் கால்பந்துச் சங்கத்தின் கோப்பை) விட நல்ல பாடம் கிடையாது. ஒரு நாக்அவுட்டில் நடக்கக்கூடிய குளறுபடிகளில் பெரும்பாலானவை அந்த ஒரே சீசனில் நடந்து முடிந்துவிட்டன.

1871 ஜூலை 20 அன்று கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் சார்லஸ் ஆல்காக், சங்கத்து அணிகள் எல்லாம் மோதும் ஒரு சவால் கோப்பையை ஏற்படுத்தலாம் என்று முன்மொழிந்தார். அவர் படித்த ஹாரோ பள்ளியில் விடுதிகளுக்கிடையே தோற்றவர் வெளியேறும் முறையில் போட்டி நடப்பது வழக்கம். பள்ளிக்குள் அது சிக்கலின்றி நடந்தது. எல்லோரும் ஒரே வளாகத்தில் இருந்தார்கள், ஆட்டம் சமனானால் மறுநாள் ஆடிக்கொள்ளலாம். கோப்பைக்கு வந்த 15 அணிகள் அப்படி இல்லை. பெரும்பாலானவை லண்டனையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்தவை. டோனிங்டன் பள்ளி லிங்கன்ஷயரில் இருந்தது, குவீன்ஸ் பார்க் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இருந்தது. ஊர்கள் தள்ளிப்போனதும் பள்ளிக்கூட விதி தாங்கவில்லை.

எண்ணிக்கை, பை

நாக்அவுட்டில் ஒவ்வொரு ஆட்டமும் ஒரு அணியை வெளியே அனுப்புகிறது. ஆகவே மொத்த ஆட்டங்கள், அணிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு. 15 அணிக்கு 14 ஆட்டம், 13 அணிக்கு 12. நடுவர் சம்பளம், பந்து, மைதான வாடகை எல்லாவற்றையும் இந்த எண்ணை வைத்தே கணக்குப் போடலாம்.

இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்ற வரிசையில் அணிகள் அமையாவிட்டால் சில அணிகளுக்கு 'பை' கொடுக்க வேண்டும், அதாவது ஒரு சுற்றில் ஆடாமலேயே அடுத்த சுற்றுக்குப் போக விட வேண்டும். அடுத்த பெரிய எண்ணிலிருந்து அணிகளின் எண்ணிக்கையைக் கழித்தால் வருவதுதான் பையின் எண்ணிக்கை. 13 அணி என்றால் 16 - 13 = 3 பை. எல்லா பையும் முதல் சுற்றிலேயே தீர்ந்துவிட வேண்டும். இரண்டாம் சுற்றிலோ கால் இறுதியிலோ பை வந்தால் ஃபிக்ஸ்சரில் (ஆட்ட அட்டவணையில்) எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

பையை எங்கே வைப்பது என்பதற்கு உடற்கல்வி ஆசிரியர்கள் பின்பற்றும் முறையே போதும். அணிகளை மேல்பாதி, கீழ்பாதி எனப் பிரிக்கவும். ஒற்றைப்படை என்றால் மேல்பாதியில் ஒன்று அதிகம். முதல் பை கீழ்பாதியின் கடைசி எண்ணுக்கு, இரண்டாவது மேல்பாதியின் முதல் எண்ணுக்கு, மூன்றாவது கீழ்பாதியின் முதல் எண்ணுக்கு, நான்காவது மேல்பாதியின் கடைசி எண்ணுக்கு. 13 அணிக்கு மேல்பாதி 1 முதல் 7, கீழ்பாதி 8 முதல் 13. பை பெறும் எண்கள் 13, 1, 8. முதல் சுற்றில் 2-3, 4-5, 6-7, 9-10, 11-12 என ஐந்து ஆட்டங்கள். வென்ற ஐந்தும் பை பெற்ற மூன்றும் சேர்ந்து எட்டு. கால் இறுதி தானாக அமைந்துவிடுகிறது.

1871இலும் கணக்கு சரியாகத்தான் தொடங்கியது. 15 அணிக்கு ஒரு பை. அது ஹாம்ப்ஸ்டெட் ஹீதன்ஸுக்குப் போனது. இரண்டாம் சுற்றுக்கு 8 அணிகள் வந்திருக்க வேண்டும். வந்தவை 10. கிரிஸ்டல் பேலஸும் ஹிட்சினும் 0-0 என்று முடித்தபோது இரண்டு அணிகளையும் மேலே அனுப்பிவிட்டார்கள். குவீன்ஸ் பார்க், டோனிங்டன் இரண்டும் தேதிக்கு ஒத்துவராததால் ஆடாமலேயே இரண்டும் மேலே போயின. பத்து ஐந்தாகி, கால் இறுதியில் ஐந்து அணிகள் நின்றன. ஒன்றுக்கு பை கொடுத்தாக வேண்டியதாயிற்று. அங்கே வாண்டரர்ஸும் கிரிஸ்டல் பேலஸும் 0-0 எனச் சமனாகி இரண்டும் அரையிறுதிக்குப் போயிருக்காவிட்டால், அரையிறுதியில் மூன்று அணிகள்தான் இருந்திருக்கும். நான்கு என்று வந்தது அதிர்ஷ்டம்.

'இரண்டு அணிகளும் மேலே' என்ற யோசனை இன்றைக்கும் கமிட்டிக் கூட்டங்களில் சமாதானப் பேச்சாக வரும். மழையால் நின்ற ஆட்டம், இருட்டிவிட்ட ஆட்டம் என்று காரணம் எதுவாக இருந்தாலும் ஒத்துக்கொள்ளக் கூடாது. ஒரு ஆட்டத்திலிருந்து ஒரு அணிதான் மேலே போகும். இதை விதித்தாளில் முதல் வரியாகவே எழுதிவிடுங்கள்.

குலுக்கல்

குலுக்கலுக்கு ஒரே தாளில் வெட்டிய, ஒரே அளவான சீட்டுகள் வேண்டும். ஒரே மாதிரி மடித்து, வாய் அகன்ற பாத்திரத்தில் போட்டு, அணிப் பிரதிநிதிகள் முன்னால் எடுக்க வேண்டும். வர முடியாத அணிகளுக்காகச் செல்போனில் முழுவதையும் இடைவெட்டு இல்லாமல் பதிவு செய்யவும். எடுத்த வரிசையிலேயே 1 முதல் 13 வரை எண் விழ வேண்டும். எடுத்துவிட்டுப் பிறகு 'அமைப்பது' கூடாது.

ஒரே மாவட்டத்திலிருந்து இரண்டு அணிகள் வந்தால் அவற்றின் சீட்டை முதலில் தனியாகக் குலுக்கி, எது மேல்பாதி, எது கீழ்பாதி என்று முடிவு செய்துவிட்டு மற்றவற்றுக்குப் போகவும். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், மிஞ்சும் சீட்டும் மிஞ்சும் இடமும் ஒத்துப்போகாது. அப்போது யாராவது கையால் மாற்றி வைப்பார்கள், அதோடு குலுக்கலின் மதிப்பு போய்விடும். அருகிலுள்ள அணிகள் முதல் சுற்றில் மோதுவது நல்லதா, தள்ளி வைப்பது நல்லதா என்பதில் இரண்டு கருத்து உண்டு. செலவு முக்கியம் என்றால் மோத விடுங்கள், கூட்டம் முக்கியம் என்றால் பிரித்து வையுங்கள். எஃப்.ஏ. கோப்பையின் தகுதிச் சுற்றுகள் இன்றும் வட்டார வாரியாகத்தான் குலுக்கப்படுகின்றன, காரணம் பயணச் செலவு.

குலுக்கல் முடிந்த பிறகு ஒரு அணி விலகினால் மறுகுலுக்கல் வேண்டாம். எதிரணிக்கு வாக்ஓவர், அதாவது ஆடாமலேயே வெற்றி. மாற்று அணியைச் செருக வேண்டுமானால் அதன் பெயரைக் குலுக்கல் நாளிலேயே 'காத்திருப்பு அணி' என்று எழுதி அறிவித்திருக்க வேண்டும்.

பயணம்

முதல் கோப்பையின் பெரிய சங்கடம் இதில்தான். குவீன்ஸ் பார்க் அரையிறுதி வரைக்கும் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. முதல் சுற்றில் டோனிங்டனோடு தேதி கூடவில்லை. இரண்டாம் சுற்றில் அதே டோனிங்டன் எதிரணியாக விழுந்து, பிறகு விலகிக்கொண்டது. கால் இறுதியில் பை. 1872 மார்ச்சில் ஊரில் பணம் திரட்டி, கிளாஸ்கோவிலிருந்து லண்டன் கென்னிங்டன் ஓவல் மைதானத்துக்கு வந்து, வாண்டரர்ஸோடு 0-0 என்று சமன் செய்தார்கள். மறு ஆட்டத்துக்குத் தங்கவும் காசில்லை, போய்த் திரும்பி வரவும் காசில்லை. விலகிவிட்டார்கள். ஏறத்தாழ 20 பவுண்டு பெறுமான அந்தக் கோப்பைக்கு ஒரு கினி (ஒரு பவுண்டுக்குச் சற்று மேல்) நன்கொடை கொடுத்த சங்கம் அது.

தூரத்து அணிக்குச் சலுகையாக பை கொடுத்தால் பிரச்சினை தீராது, தள்ளித்தான் போகும். தீர்வு தேதிகளில் இருக்கிறது. மேலே சொன்ன 13 அணி ஃபிக்ஸ்சரை வழக்கம்போல் சுற்றுவாரியாக மூன்று வார இறுதிகளில் போட்டால், கடைசிவரை போகும் அணி மூன்று தடவை வண்டி கட்டி வர வேண்டும். பாதிவாரியாகப் போடுங்கள்:

முதல் வாரம் மேல்பாதி மட்டும். சனிக்கிழமை 2-3, 4-5, 6-7. ஞாயிறு மேல்பாதியின் இரண்டு கால் இறுதிகள்.
இரண்டாம் வாரம் கீழ்பாதி மட்டும். சனிக்கிழமை 9-10, 11-12. ஞாயிறு மற்ற இரண்டு கால் இறுதிகள்.
மூன்றாம் வாரம் சனிக்கிழமை அரையிறுதிகள், ஞாயிறு இறுதி.

இப்படிப் போட்டால் எந்த அணிக்கும் இரண்டு பயணத்துக்கு மேல் இல்லை, முதல் சுற்றிலேயே தோற்றால் ஒன்றோடு முடிந்தது. இதற்கும் ஒரு விலை உண்டு. சனிக்கிழமை ஆடிக் களைத்த அணி ஞாயிறன்று பை பெற்ற அணியின் புதுக்கால்களைச் சந்திக்க வேண்டியிருக்கும். அதனால் சனிக்கிழமை ஆட்டங்களைக் காலையிலும், ஞாயிறு ஆட்டங்களை முடிந்தவரை மாலையிலும் வையுங்கள். உள்ளூர்ப் போட்டி என்றால் பாதி ஆட்டத்தை 35 நிமிடமாகக் குறைப்பதும் நியாயமே. இரவு தங்க ஒரு பள்ளி வகுப்பறை அல்லது கல்யாண மண்டபம், குடிநீர், குளிக்க இடம், காலை டிபன் இவற்றை யார் ஏற்கிறார்கள் என்பதையும் விதித்தாளில் எழுதவும். 'ஏற்பாடு செய்யப்படும்' என்று மட்டும் எழுதினால், இலவசம் என்று அவர்கள் நினைப்பார்கள், கட்டணம் என்று நீங்கள் நினைப்பீர்கள்.

இந்தியாவில் 1941இல் தொடங்கிய சந்தோஷ் டிராபியும் மாகாணங்களுக்கிடையேயான போட்டிதான். கல்கத்தாவில் நடந்த முதல் இறுதியில் வங்காளம் டெல்லியை 5-1 என்று வென்றது. பின்னாளில் அது மண்டலச் சுற்றுகள் முதலில், கடைசிக் கட்டம் ஒரே இடத்தில் என்ற வடிவத்துக்கு வந்து சேர்ந்தது. தூரம் அதிகமானால் போட்டி அந்த வடிவத்துக்குத்தான் போகும்.

சமன் ஆனால்

முதல் கோப்பையின் விதியில், ஆட்டம் சமனானால் இரு அணிகளும் அடுத்த சுற்றுக்குப் போகலாம், அல்லது மீண்டும் ஆடலாம், எதுவென்று கமிட்டி முடிவு செய்யும் என்று இருந்தது. பலன்: கிரிஸ்டல் பேலஸ்-ஹிட்சின், இரண்டும் மேலே. பார்ன்ஸ்-ஹாம்ப்ஸ்டெட் 1-1, மறு ஆட்டம். வாண்டரர்ஸ்-கிரிஸ்டல் பேலஸ், இரண்டும் மேலே. ராயல் என்ஜினியர்ஸ்-கிரிஸ்டல் பேலஸ் அரையிறுதி, மறு ஆட்டம். ஒரே சிக்கலுக்கு ஒரே சீசனில் இரண்டு விதமான தீர்ப்பு. இறுதிக்கு முன் ஒரே ஒரு வெற்றியோடு வாண்டரர்ஸ் கோப்பையைத் தொட முடிந்தது இதனால்தான். அந்த அணியின் தலைவர் வேறு யாருமில்லை, செயலாளர் ஆல்காக்கேதான். அவர் நேர்மையில் யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் போட்டி நடத்தும் சங்கத்தின் அணியும் ஆடுகிறது என்றால், புகார்களைத் தீர்க்க எந்த அணியிலும் சேராத மூன்று பேரைத் தனியாக நியமித்துவிடுங்கள். பெயர்கள் விதித்தாளிலேயே இருக்கட்டும்.

மறு ஆட்டம் என்ற ஏற்பாடு வெளியூர் அணிகளுக்கு ஒத்துவராது. 1971இல் ஆல்வ்சர்ச், ஆக்ஸ்ஃபோர்டு சிட்டி என்ற இரண்டு அணிகள் எஃப்.ஏ. கோப்பைத் தகுதிச் சுற்றில் ஒரே மோதலை முடிக்க ஆறு ஆட்டங்கள், 11 மணி நேரம் ஆடின. 2024-25 சீசனிலிருந்து அங்கேயே முதன்மைச் சுற்றுகளில் மறு ஆட்டத்தை எடுத்துவிட்டார்கள். எதிரணி பஸ் ஏறுவதற்குள் முடிவு தெரிந்துவிட வேண்டும். கூடுதல் நேரம், பிறகு டைபிரேக்கர் (இரு அணிகளும் மாறி மாறி அடிக்கும் பெனால்டி). அல்லது நேராக டைபிரேக்கர். இரண்டையும் ஆட்ட விதிகள் அனுமதிக்கின்றன. எதுவென்பதை முன்பே எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதில் பலர் தவறுவது கடிகாரத்தில். மாலை 3.30க்குத் தொடங்கும் 90 நிமிட ஆட்டம், 15 நிமிட இடைவேளை, வீணான நேரம் எல்லாம் சேர்ந்து 5.20க்கு முடியும். கூடுதல் நேரம் போனால் ஏறத்தாழ 6.00. டைபிரேக்கர் முடிய 6.15. ஜூனில் சென்னையில் இது பிரச்சினை இல்லை, 6.30 தாண்டியும் வெளிச்சம் உண்டு. நவம்பர் கடைசியில் 5.40 வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். கோல்கீப்பருக்குப் பந்து தெரியாத வெளிச்சத்தில் பெனால்டி அடிப்பதுதான் மைதானத்தில் மிக மோசமான தகராறு. மின்விளக்கு இல்லையென்றால் மழை, பனி மாதங்களில் 2.30க்குத் தொடங்குங்கள், அல்லது கூடுதல் நேரத்தைக் கைவிடுங்கள்.

டைபிரேக்கரை நடத்தும் வரிசை இது. இறுதி விசில் ஊதியதும் ஆடிக்கொண்டிருந்தவர்கள் யாரும் மைதானத்தை விட்டு வெளியேற வேண்டாம், கடைசி நொடியில் களத்தில் இருந்தவர்களும், காயம் போன்ற காரணத்தால் தற்காலிகமாக வெளியே இருந்தவர்களும் மட்டுமே அடிக்கத் தகுதியானவர்கள். நடுவர் இரு பக்கமும் தலை எண்ணுகிறார். சிவப்பு அட்டையால் ஒரு பக்கம் 10 பேர், மறுபக்கம் 11 என்றால் அதிகமுள்ள அணி ஒருவரைக் குறைத்துச் சமப்படுத்தலாம், விடுபடுபவரின் பெயரையும் எண்ணையும் நடுவரிடம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அடி நீளும்போது எதிரணியின் சிறந்த ஆள் இரண்டாம் முறை வரும் நேரத்தில் உங்கள் பதினோராவது ஆள் வந்து நிற்பார். பிறகு இரண்டு டாஸ்: ஒன்று எந்த கோல் என்று, மற்றொன்று யார் முதலில் அடிப்பது என்று. ஐந்தைந்து அடிகள், சமனானால் ஒவ்வொன்றாக. கோல்கீப்பர் உட்பட எல்லோரும் ஒருமுறை அடித்த பிறகே யாரும் இரண்டாம் தடவை அடிக்கலாம். ஆட்டத்தில் வாங்கிய மஞ்சள் அட்டை இங்கே தொடராது. நான்காவது நடுவர் ஒவ்வொரு அடிக்கும் ஜெர்சி எண்ணை எழுதி, கடைசியில் இரு தலைவர்களிடமும் கையெழுத்து வாங்கவும். 'அவன் ஏற்கனவே அடித்துவிட்டான்' என்ற வாதத்துக்கு அந்தத் தாள்தான் பதில். பார்வையாளர்களைப் பெனால்டி எல்லைக்குள் விடாமல் கயிறு பிடிக்க ஆறு பேரையாவது நிறுத்துங்கள்.

வராத அணி

15 அணிகளில் மூன்று ஒரு ஆட்டமும் ஆடாமலே விலகின: ஹாரோ செக்கர்ஸ், ரெய்கேட் பிரையரி, டோனிங்டன். சராசரி உள்ளூர்ப் போட்டியிலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். நுழைவுக் கட்டணத்தோடு, அதே அளவு தொகையை வைப்புத்தொகையாகவும் வாங்குங்கள். முதல் ஆட்டத்துக்கு வந்து நின்றாலே திருப்பிக் கொடுத்துவிடலாம். தாமதத்துக்கு 15 நிமிடம் அவகாசம். அது முடியும் கணத்தில் வந்திருக்கும் அணி ஜெர்சியோடு களத்தில் நிற்க வேண்டும், நடுவர் விசில் ஊதி, நேரத்தைக் குறித்து, 3-0 என்று பதிவு செய்யவும். ஏழு பேருக்குக் குறைவாக வந்தாலும் ஆட்டம் தொடங்கக் கூடாது. பஸ் பழுது, சாலை மறியல் போன்றவற்றுக்கு விதிவிலக்கு வைப்பதென்றால், எத்தனை மணிக்குள் யாருக்குப் போன் செய்திருக்க வேண்டும் என்று அதையும் எழுதவும்.

ஆட்கள் பட்டியல்

1872 மார்ச் 16 அன்று நடந்த இறுதிப் போட்டியில் ராயல் என்ஜினியர்ஸுக்கு எதிராக வாண்டரர்ஸின் ஒரே கோலை அடித்தவர் மார்டன் பீட்டோ பெட்ஸ். அணிப் பட்டியலில் அவர் பெயர் 'ஏ.ஹெச். செக்கர்'. முதல் சுற்றில் வாண்டரர்ஸுக்கு வாக்ஓவர் கொடுத்து விலகிய ஹாரோ செக்கர்ஸைக் குறிக்கும் புனைபெயர். கோப்பையின் முதல் இறுதி கோலே மாற்றுப் பெயரில்! இன்றைக்கு எதிரணி விடுமா?

18 பேர் பட்டியல், புகைப்படம் ஒட்டியது, குலுக்கல் நாளன்றே கைக்கு வர வேண்டும். பிறகு சேர்க்கை இல்லை. ஒருவர் ஒரு அணிக்கு மட்டும். அவர் அணி விலகிவிட்டாலும் வேறு அணிக்கு மாற முடியாது. இந்தப் பின்பகுதியைப் பலரும் எழுத மறந்துவிடுகிறார்கள். அடையாளச் சோதனை ஆட்டத்துக்கு முன்பு, இரு அணித் தலைவர்களும் பார்க்க, மேசையருகே நடக்கட்டும். ஆள்மாறாட்டப் புகாரை ஆட்டம் முடிந்த 30 நிமிடத்துக்குள், எழுத்தில், புகார்க் கட்டணத்தோடு கொடுக்க வேண்டும். புகார் உண்மையானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

அதே இறுதியில் ராயல் என்ஜினியர்ஸின் கிரெஸ்வெல், ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்தில் காறை எலும்பு முறிந்தும் கடைசிவரை களத்திலேயே நின்றார், மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே அன்று இல்லை. எத்தனை மாற்று என்பதை விதித்தாளில் எழுதுங்கள், ஐந்து போதும். முதலுதவிப் பெட்டி, ஸ்ட்ரெச்சர், ஐஸ், 108க்கு வழி சொல்லத் தெரிந்த ஒருவர். மைதான வாசலில் பைக்குகளை நிறுத்தவிடாமல் ஆம்புலன்ஸ் நுழையும் வழியை விட்டுவைப்பதும் அவர் பொறுப்பு.

சுழற்கோப்பை

வென்ற அணிக்குச் சலுகை தர வேண்டும் என்ற ஆசை எல்லா கமிட்டிக்கும் வரும். 1872-73இல் சாம்பியன் வாண்டரர்ஸை நேராக இறுதிப் போட்டியில் வைத்து, மைதானத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் கொடுத்தார்கள். லண்டன் லில்லி பிரிட்ஜ் மைதானத்தில் ஒரே ஆட்டம் ஆடி, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அணியை 2-0 என்று வென்று மறுபடியும் கோப்பையை எடுத்துப் போனார்கள். அந்த விதி அடுத்த ஆண்டு இல்லை. சாம்பியனுக்கு முதல் சுற்று பை ஒன்று கொடுப்பதே அதிகபட்சம்.

கோப்பை ஆண்டுதோறும் வென்ற அணிக்குக் கைமாறிச் சுழல்வது என்றால் பெறும் சங்கத்திடம் முத்திரைத்தாளில் பொறுப்புக் கடிதம் வாங்கவும். அதில் கோப்பையின் எடை, உயரம், பொறிப்பு, மதிப்பு, நான்கு பக்கப் புகைப்படம், தொலைந்தால் கட்ட வேண்டிய தொகை எல்லாம் இருக்க வேண்டும். முதல் எஃப்.ஏ. கோப்பை 1895 செப்டம்பரில் பர்மிங்காமில் ஒரு கடையின் கண்ணாடி அலமாரியிலிருந்து திருடு போனது. சாம்பியன் ஆஸ்டன் வில்லா அதைக் காட்சிக்கு வைத்திருந்தது. 25 பவுண்டு அபராதம் கட்டியது, அந்தப் பணத்தில் புதுக் கோப்பை செய்தார்கள். கடை, ஓட்டல், சலூன் எங்கேயும் காட்சிக்கு வைக்கக் கூடாது என்று கடிதத்தில் ஒரு வரி சேர்க்கவும். அடுத்த ஆண்டு குலுக்கலுக்கு 30 நாள் முன்பே கோப்பை திரும்பி வர வேண்டும். வெற்றி பெற்ற அணிகளின் பெயர் பொறிக்கும் செலவு யாருடையது என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள்.